நூற்றுக்கு ஐம்பத்தைந்து

1922 ஜனவரி 10, செவ்வாய். காளிகாட்

நேற்றிலிருந்து என் அடுப்பு பயாஸ்கோப் கம்பெனி அடுப்பாகிவிட்டது. டாலிகஞ்சில் ஒரு தோட்டத்தை எடுத்துப் படம் பிடிக்கிறார்கள். முப்பது பேர், இரண்டு வேளை. இங்கே வடித்து, அண்டாவை மாட்டுவண்டியில் ஏற்றி அனுப்புகிறேன். நேற்று ‘மீன் இல்லாத சோறா’ என்று முகத்தைச் சுளித்தவர்கள் இன்று ரசத்தைக் கிண்ணம் கிண்ணமாய்க் குடித்தார்களாம். குடிக்கட்டும்.

அரிசி பருப்புக்காக என் இரட்டை வடச் சங்கிலி இருநூறு ரூபாய்க்கு அடகு போயிற்று. அம்மா போட்டது. இவர் அங்கே குமாஸ்தாதான். இந்த ஒரு படத்தை மட்டும் நடத்தித்தரச் சொல்லியிருக்கிறார் முதலாளி ஹாரான்பாபு. இவர் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன்.

“சாப்பாட்டைக் கம்பெனிக் கணக்கில ஏத்தினா முதல் கூடிடும், நாகு. பாபு மொத்த வசூலைப் பார்க்கிறவர் இல்லை. போட்ட நூறுக்கு எத்தனை லாபம், அதுதான் அவருக்கு. அம்பதுக்கு மேல வந்தா நான் மேனேஜர், லாபத்தில பங்கு. பங்கு வந்த அன்னிக்கே உன் சங்கிலி.”

சரி என்றேன். வேறென்ன சொல்ல?

ஜனவரி 19

கையில் கொப்புளம் உடைந்துவிட்டது. இடது கையால் கிளறினேன்.

பிப்ரவரி 1

முடிந்தது. இருபத்துநான்கு நாள். சங்கிலிப் பணம் போதாமல், நான் கடுகு டப்பாவில் சேர்த்திருந்த அறுபதும் போயிற்று. இடுப்பு என்னுடையதாகவே இல்லை.

ஜூன் 12, திங்கள்

வந்துவிட்டது! படத்துக்குப் போட்டது நாலாயிரம், வசூல் ஆறாயிரத்து இருநூறு. நூற்றுக்கு ஐம்பத்தைந்து. இதே கம்பெனிக்கு நந்திபாபு யானையெல்லாம் வைத்து எடுத்த புராணப் படம் இருபதாயிரம் வசூலித்ததாம். ஆனால் போட்டது பதினாறாயிரம். நூற்றுக்கு இருபத்தைந்துதான். “யானையைக் காட்டிப் பெருமை அடிக்காதே, பட்டாபியைப் பார்” என்று இவரைக் காட்டி எல்லோர் எதிரிலும் பாபு சொன்னாராம். இவர் மேனேஜர். கால் தரையில் பாவவில்லை.

எனக்கும் சந்தோஷம்தான். பொய் சொல்லவில்லை.

ஜூன் 20

பங்கு வந்ததா என்று கேட்டேன். வந்ததாம். அடுத்த படத்தில் போட்டுவிட்டாராம்!

“ஏன்னா, என் சங்கிலி?”

“எங்க ஓடிடும்? அடகுக்கடையில பத்திரமா இருக்கு. இப்ப போட்டா அடுத்த வருஷம் ரெண்டு சங்கிலி.”

நன்னாயிருக்கு. என் கழுத்துல கயிறு தொங்கறது, இவருக்குப் புதுக் கோட்டு. கோட்டுக்கு மட்டும் அடுத்த வருஷம் வரை காத்திருக்க முடியலையாக்கும்?

ஜூன் 21

தூக்கம் பிடிக்காமல் ஒரு கணக்குப் போட்டேன். அப்பா கணக்கு வாத்தியார். எனக்கும் அந்த வியாதி உண்டு.

நான் போட்ட இருநூற்று அறுபதையும் முதலோடு சேர்த்தால் நாலாயிரத்து இருநூற்று அறுபது. லாபம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது. நூற்றுக்கு நாற்பத்தைந்தரை. ஐம்பதைத் தொடவேயில்லை. ஒரு சமையற்காரனுக்குக் கொடுக்கிற கூலியை நான் சேர்க்கவே இல்லை.

அப்படியானால் இவர் மேனேஜரானது எதனால்? என் கை வெந்ததனால்.

ஜூன் 25

கணக்கைக் காட்டினேன். வாங்கிப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது.

“சோத்துக்கு விலை போடறியா? அன்ன விக்கிரயம் மகாபாவம். உங்காத்தில இதெல்லாம் சொல்லித்தரலையா?”

சோற்றை விற்கக்கூடாது, சரி. அந்தச் சோற்றைக் காட்டி உத்தியோகம் வாங்கலாமோ? அதற்கு எந்த சாஸ்திரம்? கேட்க வாய் வரை வந்தது, விழுங்கிவிட்டேன். இப்போது நெஞ்சைக் கரிக்கிறது.

ஜூலை 16, ஞாயிறு

பாபு நம் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். இவர்தான் அழைத்தார், பெருமைக்கு. இலைக்கு முன் அமர்ந்து, “பௌமா, அடுத்த படம் அறுபது நாள். உன் புருஷன் இருக்கும்வரை எனக்குக் கவலையில்லை” என்றார். பௌமா என்றால் மருமகள். வாஞ்சையாகத்தான் சொன்னார்.

அறுபது நாள். என்னை ஒரு வார்த்தை கேட்டார்களா?

கை அலம்பிக்கொண்டு வந்தவரிடம் அந்தக் கணக்குக் காகிதத்தை நீட்டினேன். எனக்கு வங்காளி அரைகுறை. ஆனால் இலக்கத்தை இங்கிலீஷில் எழுதியிருந்தேனே, அவருக்கு யாரும் படித்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. 260-இல் விரலை வைத்து, “சாப்பாடா?” என்றார். தலையை ஆட்டினேன். நின்றபடியே இரண்டு தடவை பார்த்தார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, இவரை ஏறிட்டும் பார்க்காமல் படியிறங்கிப் போனார்.

ஜூலை 18

பாபு கணக்கில் கெட்டி. என் இருநூற்று அறுபதைப் படத்தின் முதலோடு ஏற்றிவிட்டார். பணத்தைக் கணக்குப்பிள்ளையிடம் கொடுத்தனுப்பி, என் கையெழுத்தை வாங்கிக்கொண்டார். நாற்பத்தைந்தரை ஆனதும் மேனேஜர் பதவியும் பங்கும் ரத்து. இவர் பழைய குமாஸ்தா மேஜைக்கே போக வேண்டுமாம். அடுத்த படத்துக்கு நான் சமைத்தால் இலைக்கு நாலணா தருவாராம்.

இப்படி ஆகும் என்று தெரியாமல் செய்தேன் என்றால் பொய். கொஞ்சம் தெரியும்.

ஜூலை 19

சங்கிலியை மீட்டேன். போட்டுக்கொள்ளத் தோன்றவில்லை. பெட்டியில் வைத்தேன்.

ஜூலை 30

பன்னிரண்டு நாளாகப் பேச்சில்லை. இன்று பேசினார். “புருஷனைக் குப்புறத் தள்ளிட்டே. இனிமே விக்கிற சோத்தை நான் தொடமாட்டேன்.”

கோட்டை மாட்டிக்கொண்டு போய் மதராஸி ஓட்டலில் சாப்பிட்டாராம். எதிர்வீட்டுச் சீதாராமன் ஆத்துக்காரி வந்து சொன்னாள். ஓட்டல்காரன் தானம் பண்ணுகிறானோ? சிரிக்க ஆரம்பித்து அழுதுவிட்டேன்.

ஆகஸ்ட் 14

படம் ஆரம்பம். கூட்டிப் பெருக்க, பரிமாற ஒருத்தியை வைத்துக்கொண்டேன். இந்தத் தடவை தோட்டத்திலேயே, பெரிய பந்திக்குப் போடுகிற கோட்டை அடுப்பு. எத்தனை இலை என்று நோட்டில் எழுதி, சாயங்காலம் கணக்குப்பிள்ளையிடம் காட்ட வேண்டும்.

செப்டம்பர் 6

காலையிலிருந்து மழை. ஓட்டலுக்கு நடக்க முடியவில்லை போலிருக்கிறது. பந்தி முடிகிற சமயம், கம்பெனி ஆட்களோடு வரிசைக் கடைசியில் வந்து உட்கார்ந்தார். என்னைப் பார்க்கவில்லை. நானே இலை போட்டேன். வாழைக்காய்க் கறி இவருக்குப் பிடிக்கும், இரண்டாம் தடவையும் வைத்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை.

சாயங்காலம் நோட்டை எடுத்து மத்தியானப் பந்திக்கு முப்பத்தொன்று என்று எழுதினேன். முப்பதுக்கு மேல் ஒன்று, இவருடைய இலை. எழுதும்போது கை கூசவேயில்லை.