சாய்த்து ஒட்டிய தபால்தலை

அன்புத் தங்கைக்கு,

நலம். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும். மூன்று வருஷத்துக்குப் பிறகு அண்ணன் உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. இரண்டு வாரத்துக்கு முன்னால் வந்ததைச் சேர்க்காதே, அது அச்சடித்தது.

உன் அண்ணி சௌக்கியம். என் தொப்பை அவளைவிடச் சௌக்கியம். எதிர்வீட்டு ரிட்டயர்டு வங்கி மேனேஜர், நான் தெருவில் இறங்கினாலே செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு முக்கியமாகப் பேச ஆரம்பித்துவிடுகிறார், எங்கே அவரையும் சேர்த்துவிடுவேனோ என்று. போன வாரம் அப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போதே அது மணியடித்தது. பாவம், இரண்டு பேருமே வேறு பக்கம் பார்த்துக்கொண்டோம்.

இப்போது சத்து மாத்திரைக் கம்பெனி. ஆள் சேர்ப்பதுதான் என் வேலை. புதியவர்களை அல்ல, ஏற்கெனவே வேறு கம்பெனியில் நிறையப் பேரைச் சேர்த்து, அது மூழ்கிய பிறகு வாய் திறக்காமல் ஒதுங்கி இருப்பவர்களை. எங்கள் ஆபீஸில் அவர்களுக்கு ‘அனுபவமுள்ள லீடர்’ என்று பெயர். போன் செய்தால் வைத்துவிடுவார்கள். அதனால் தபால். முகவரியைக் கையால் எழுத வேண்டும், அனுப்புபவர் பெயர் கூடாது, தபால்தலையைக் கொஞ்சம் சாய்த்து ஒட்ட வேண்டும். சொந்தக்காரர் யாரோ அவசரமாகப் போட்ட கடிதம் என்று பிரித்துவிடுவார்கள். இந்த யோசனை என்னுடையது. மேனேஜர் கைதட்டினார். என் கையெழுத்து ஒருநாள் சோறு போடும் என்று அப்பா சொன்னது இதைத்தான் போலிருக்கிறது.

முந்நூறு உறை எழுதினேன். பட்டியலில் நூற்றுப் பதினெட்டாவது பெயர் உன்னுடையது. ‘தண்ணீர் வடிகட்டி. எட்டு மாதத்தில் நாற்பத்தாறு பேர்’ என்று போட்டு, பக்கத்தில் நட்சத்திரக் குறி வேறு.

கவனிக்காமல் எழுதிவிட்டேன் என்று இந்தக் கடிதத்தை இரண்டு தரம் ஆரம்பித்துக் கிழித்துப் போட்டேன். கவனித்தேன். பேனாவை மூடி வைத்துவிட்டு, எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, எழுதினேன்.

அந்த நாற்பத்தாறு பேர் யார் யார் என்று எனக்குத் தெரியும். உன்னோடு வேலை பார்க்கிற நர்ஸுகள், வார்டு ஆயா, மருந்துக்கடைப் பெண். அந்த வடிகட்டிக் கம்பெனியில் நான் உன்னைச் சேர்த்தேன், என்னை நம்பி நீ அவர்களைச் சேர்த்தாய், ஒரு திங்கட்கிழமை எல்லோர் பணத்தோடும் கம்பெனி பூட்டிக்கிடந்தது. ஆஸ்பத்திரிச் சாப்பாட்டு அறையில் நீ வந்து உட்கார்ந்தால் எல்லோரும் டப்பாவை மூடிக்கொண்டு எழுந்துவிடுகிறார்கள் என்று மாப்பிள்ளை போனில் சொன்னார். அன்றைக்கும் நான் ஏதோ ஜோக்தான் அடித்தேன். அதற்குப் பிறகு உனக்கு எழுதத் தைரியம் வரவில்லை.

முந்நூறு உறைக்கும் வந்த பதில் ஒன்றே ஒன்று. பிரிப்பதும் என் வேலைதான். அச்சடித்த கடிதத்தோடு வைத்திருந்த சேர்க்கைப் படிவத்தில் ‘யார் மூலம் சேருகிறீர்கள்’ என்ற இடத்தில் ‘அண்ணன்’ என்று மட்டும் எழுதியிருந்தாய். அடியில் பென்சிலில், “உன் கையெழுத்தைப் பாத்து எவ்வளவு நாளாச்சு. உனக்கு ஆள் குறையுதுன்னா என்னைச் சேத்துக்கோ. வார்டுல மட்டும் யாரையும் கேக்கச் சொல்லாதே.”

அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பதில் ஒன்றும் வரவில்லை என்று மேனேஜரிடம் சொன்னேன். இந்த மாதம் ஒரு லீடராவது சேராவிட்டால் என் நாற்காலியில் வேறு ஆள் உட்காருவார். உட்காரட்டும், அதற்கு ஒரு கால் ஆடுகிறது.

படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். நீயே உன் கையால் கிழித்துப் போடு. இனி நானே நேரில் வந்து வாசலில் நின்று கெஞ்சினாலும், தண்ணீர் கொடு, கையெழுத்துப் போடாதே.

என் முகவரி எழுதிய உறையும் இருக்கிறது. நாற்பத்தாறு பேர் சார்பிலும் சேர்த்துத் திட்டி எழுது. இடம் மிச்சமிருந்தால், சாப்பாட்டு அறையில் இப்போது உன் பக்கத்தில் யாராவது உட்காருகிறார்களா என்று ஒரு வரி எழுது.

இரண்டு உறையிலும் தபால்தலையை நேராகவே ஒட்டியிருக்கிறேன். நீ நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
வெறும் அண்ணன்