தகரக் கொட்டகை நிழல்

மே மாதம், செவ்வாய் இரவு.

மாமனாரை இன்று எதிர்த்துப் பேசிவிட்டேன். பெருமையாக இருக்கிறது.

நாய் வாசற்படி தாண்டக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம். மத்தியானம் எங்கள் மணி தகரக் கொட்டகையில் எச்சில் ஒழுக இரைத்துக்கொண்டு கிடந்தது. அவிழ்த்துவந்து குளியலறையில் படுக்கவைத்து, ஈரத்துணியால் துடைத்தேன். மாமனார் பார்த்துவிட்டார்.

"வெளிய கட்டும்மா. நெழலுக்குன்னுதான கொட்டகை போட்டிருக்கேன்?"

"நீங்க செத்த நேரம் அதுக்குள்ள உக்காந்து பாருங்க மாமா. அப்பறம் கட்டுறேன்."

முறைத்தார். ஆனாலும் போய் உட்கார்ந்தார். போன வேகத்தில் வேர்த்து வழியத் திரும்பி வந்தார்.

மணி இப்போது கூடத்தில், அவர் கட்டிலுக்கடியில் தூங்குகிறது. டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்தது நான் இல்லை.