பிழையில்லாத வாக்கியம்

செவ்வாய், இரவு.

மிச்சம் என்ற ஊரிலிருந்து என்னிடம் ஆங்கிலம் படிக்க வரும் வசந்திக்குப் பரீட்சை நெருங்குகிறது. பயம், விருப்பம், சலிப்பு என்று எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் அதன் பின்னால் ‘ஒஃப்’, ‘வித்’ என்று ஏதாவது பிழையான துணைச்சொல்லைத்தான் போடுவாள். நானும் விடாமல் திருத்துவேன்.

இன்று பயத்துக்கு ‘பிரைட்டண்ட்’ என்ற சொல்லைக் கொடுத்தேன். அவள் யோசிக்கவே இல்லை. “ஐ ஆம் பிரைட்டண்ட் ஒஃப் மை ஹஸ்பண்ட்” என்றாள்.

“வெரி குட்!” என்றேன்.

“சரியோ, ரீச்சர்?”

“ஓம் பிள்ளை, ஒரு பிழையும் இல்லை.”

பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் அடுத்த சொல்லைக் கொடுத்தேன். அதற்குள் வெளியே அவள் கணவரின் கார் ஹோர்ன் கேட்டது. தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து ஓடினாள்.

அவளுடைய கோப்பையைக் கழுவும்போதுதான் அவள் சொன்னது எனக்கு உறைத்தது. நான் படித்த கொன்வென்ட்டில் சிஸ்டர்மார் வாக்கியம் சரியா என்று மட்டும்தான் பார்ப்பார்கள். உண்மையா என்று கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை.

மாலையில் அவளுக்குப் போன் எடுத்தேன். அவளுடைய கணவர்தான் பேசினார்.

“அவ படுத்திட்டா, ரீச்சர். என்ன விசயம்?”

குரலில் மரியாதைக்குக் குறைவில்லை. பாடத்தைப் பற்றி என்று சொல்லி வைத்துவிட்டேன். வெளியே வெயில்கூட இறங்கவில்லை. அதற்குள் படுத்துவிட்டாளாம்.

நாளை அவர் வேலைக்குப் போனபின் டிராமில் போய்க் கதவைத் தட்டுவேன். இந்த முறை தமிழில் கேட்பேன். அவள் கதவைத் திறக்க வேண்டும்.