சிவப்பு மக்கில் எண்பது

அன்புத் தங்கச்சிக்கு,

அக்கா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. உன் மருமகளிடம் கெஞ்சிக் கூத்தாடி விலாசம் வாங்கியிருக்கிறேன். நான் யாரிடமும் கெஞ்சுகிற ஆள் இல்லை என்பது உனக்குத் தெரியும். இங்கே என் இடது முழங்காலைத் தவிர எல்லாம் சுகம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? எந்த முகத்தோடு கேட்பது என்று யோசித்தேன். இருந்தாலும் கேட்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் பெரிய மகள் கல்யாணத்துக்கு வந்து, மூன்றாவது வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருந்து, கை நனைக்காமல் எழுந்து போனாயே, அதை நான் மறக்கவில்லை. வாசல்வரை உன் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றேன். அது தனிக் கதை. அதை இப்போது இழுக்கப் போவதில்லை.

எழுத வந்த விஷயம் வேறு. என் பேத்தி ஒருத்தி, ஏழாம் வகுப்பு, வீட்டில் அவளைக் குருவி என்று கூப்பிடுவோம். பள்ளிக்கூடத்தில் இப்போது விகிதம், வீதம் என்று என்னவோ நடத்துகிறார்கள். வீட்டில் செய்துபார்க்க டீச்சர் இருபது கணக்கு கொடுத்தனுப்பியிருக்கிறார். போன பரீட்சையில் விடையெல்லாம் சரியாகப் போட்டும் இவளுக்குப் பாதி மார்க்தான். ஒவ்வொரு விடைக்குப் பக்கத்திலும் சிவப்பு மையில் ‘அலகு எங்கே?’ என்று எழுதியிருந்தது. அலகு என்றால் என்னடி, குருவிக்கு மூக்கில் இருக்குமே அதுவா என்று கேட்டேன். தலையில் அடித்துக்கொண்டாள். லிட்டரா, மணியா, மைலா, எதை எண்ணுகிறோம் என்று சொல்வதுதான் அலகாம்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் அந்தக் கணக்குகள் எனக்குப் பிடித்துப்போய்விட்டன. நாலு பேர் ஆறு நாளில் கட்டும் சுவரை எட்டுப் பேர் எத்தனை நாளில் கட்டுவார்கள் என்று ஒரு கணக்கு. மூன்று நாள் என்றாள். அந்த எட்டுப் பேரில் ரெண்டு பேர் அக்கா தங்கச்சியாக இருந்தால் சுவர் ஏறவே ஏறாது என்றேன். பாட்டி, கணக்கில் அப்படியெல்லாம் கேட்கக்கூடாது என்று சண்டைக்கு வந்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கணக்கு. பழப்பாகு ஒரு பங்கு, தண்ணீர் ஐந்து பங்கு. பங்கு என்றால் எவ்வளவு என்று கேட்டேன். எவ்வளவாகவும் இருக்கலாம் பாட்டி, விகிதத்துக்கு அலகே வேண்டாம் என்றாள். அதெப்படி வேண்டாமல் போகும்? எனக்கு மண்டை குடைந்தது. செய்துகாட்டு என்று அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனேன். பெரிய டம்ளரில் ஒன்று பாகு ஊற்றினாள். அந்த டம்ளர் பிசுபிசுவென்று ஆகிவிட்டதால் அதை வைத்துவிட்டு, சின்ன டம்ளரில் ஐந்து தண்ணீர் ஊற்றினாள். குடித்துவிட்டு, வாயெல்லாம் ஒட்டுது பாட்டி என்று முகத்தைச் சுளித்தாள். பிறகு அவளே கண்டுபிடித்தாள். எந்த டம்ளராகவும் இருக்கலாம், ஆனால் ரெண்டுக்கும் ஒரே டம்ளராக இருக்க வேண்டும் என்றாள்.

நான் அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

நாம் வேலை பார்த்த சலவைக்கூடம் உனக்கு நினைவிருக்கும். சுவரில் கரியால் எழுதியிருக்கும்: வெளுப்பு மருந்து ஒன்று, தண்ணீர் இருபது. எதால் ஒன்று, எதால் இருபது என்று யாரும் எழுதவில்லை. எழுதத் தேவையும் இருக்கவில்லை. ரெண்டுக்கும் என் பச்சை மக்தான். அன்றைக்கு மாணவர் விடுதியிலிருந்து நீலக்கோடு போட்ட அறுபத்து மூன்று விரிப்புகள் வந்திருந்தன. மருந்து நான், தண்ணீர் நீ. மருந்தை நாலு மக் ஊற்றிவிட்டு நான் அடுத்த தொட்டிக்குப் போனேன். நீ பச்சை மக்குக்குக் கை நீட்டினாய். அதற்கு முந்தின வாரம்தான் சிவப்பு மக்கின் கைப்பிடியை நீ உடைத்திருந்தாய். உடைத்தது நீ, அதையே வைத்துக்கொள், என் மக்கைத் தொடாதே என்றேன். நீ சிவப்பை எடுத்துக்கொண்டு போனாய்.

விரிப்புகளை எடுத்தபோது கோடெல்லாம் போய், தேமல் விழுந்த மாதிரி இருந்தது. மேற்பார்வைக்காரர் கத்தினார். எண்பது ஊற்றினேன், எண்ணித்தான் ஊற்றினேன் என்று நீ திரும்பத் திரும்பச் சொன்னாய். தொட்டியைப் பாருங்கள், எப்போதும் இருக்கிற அளவில் பாதிதான் இருக்கிறது, இஸ்திரிக்காரியோடு வாயடித்துக்கொண்டு நாற்பதோடு நிறுத்திவிட்டாள் என்று சொன்னது நான். வெள்ளிக்கிழமை உன்னை அனுப்பிவிட்டார்கள். முப்பத்தொரு வருஷமாக, தப்பு செய்துவிட்டு ஒத்துக்கொள்ளாதவள் என்று உன்னைப் பற்றிக் கேட்டவரிடமெல்லாம் சொல்லி வந்திருக்கிறேன். கேட்காதவரிடமும்.

ஞாபகத்தில் என்னை அடிக்க ஆளில்லை என்று பெருமையடிப்பேன். தொட்டி பாதிதான் இருந்தது, அது பொய்யில்லை. சோப்புத் தூள் அளக்கும்போது பச்சையில் ஒன்று, இல்லையென்றால் சிவப்பில் ரெண்டு என்று தினமும் நான்தான் கூவுவேன். அதுவும் ஞாபகம் இருக்கிறது. ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை.

குருவியிடம் இதையே ஒரு கணக்காகச் சொன்னேன். ஆள் யார் என்று சொல்லவில்லை. பச்சை மக் ஒரு லிட்டர், சிவப்பு அரை. மருந்து நாலு லிட்டர், தண்ணீர் எண்பது அரை, அதாவது நாற்பது லிட்டர். ஒன்றுக்குப் பத்து பாட்டி, மருந்து ரெண்டு மடங்கு காட்டமாகிவிட்டது என்றாள். அப்புறம் பென்சிலைக் கடித்துக்கொண்டு, எண்பது எண்ணினவங்க சரியாத்தானே எண்ணியிருக்காங்க என்றாள்.

நீ எண்பதுதான் எண்ணினாய்.

இதை ரெண்டு வரியில் எழுதி அனுப்பியிருக்கலாம். ஆனால் எனக்கு ஒன்று தெரிய வேண்டும். எந்தக் கணக்குப் புத்தகத்திலும் அதற்கு விடை இல்லை; நான் தேடிப் பார்த்துவிட்டேன். அன்றைக்கு மேற்பார்வைக்காரர் முன்னால் நின்றபோது சிவப்பு மக் உன் கையில்தான் இருந்தது. என் மக்குக்கு நீ கை நீட்டியதும் நான் தராததும் நம் ரெண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். அப்போதே உனக்குப் புரிந்துவிட்டதா? அக்கா சிவப்பைக் கொடுத்ததால்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வெளியே போயிருக்க வேண்டியவள் நான். அப்போது எனக்கு ரெண்டு பிள்ளைகள், நீ தனி ஆள். அதை யோசித்துத்தான் வாயை மூடிக்கொண்டாயா? இல்லை, உனக்கும் தெரியாமலே போய்விட்டதா? தெரியாமல் போயிருந்தால் நல்லது என்று மனசு அடித்துக்கொள்கிறது. எதுவாக இருந்தாலும் உள்ளதை எழுது.

குருவிக்கு வியாழக்கிழமை பரீட்சை. அலகை மறக்காமல் போடு என்று வாசல்வரை போய்ச் சொல்லுவேன். அவளுக்காக நீயும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்.

பச்சை மக் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அடியில் கீறல் விட்டிருக்கிறது, ஒழுகவில்லை. இத்தனை வருஷத்தில் யாரையும் தொட விட்டதில்லை. நேற்று புளி போட்டுத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். நீ வா. இந்தத் தடவை நீ கை நீட்டவே வேண்டாம்.

நீயும் உன் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும்.

உன் பதிலுக்காக வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்
அக்கா