குச்சி காட்டின எண்

1996 அக்டோபர் 7, திங்கள்

காலையில் நல்ல வெயில். பதினொன்றுக்கே மழை. சங்கத்துக்கு ரப்பர் பால் கொண்டுவந்தது பாதிப் பேர்தான். ஓவன் ஃப்யூஸ் போச்சு. வாங்க: ஃப்யூஸ் கம்பி, பால் வடிகட்ட அரிப்புத் துணி, சோப்பு.

செக்ரட்டரி கூப்பிட்டுச் சொன்னார். சென்சர் கம்பெனி ஆள் நாளைக்கு மெஷினோடு வருகிறானாம். ஒரு வாரம் இங்கே வைத்துப் பார்ப்பது. பார்த்து ரிப்போர்ட் எழுத வேண்டியது நான்.

"பாலு டெஸ்ட் செய்ய இந்தச் சங்கத்தில ஒன்ன விட்டா வேற ஆரு உண்டு, ஜெசி?"

தலையாட்டினேன். அந்தக் கம்பெனி ஷேர் என் பெட்டியிலும் இருக்கிறது என்று சொல்லவில்லை. ஏன்? வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

மத்தியானம் வில்சன் சார். குடை சொட்டச் சொட்ட உள்ளே வந்தார். ரிட்டயர் ஆன சயன்ஸ் வாத்தியார், எங்கள் சபைக் கமிட்டியில் இருக்கிறார். போன வருஷம் எங்கள் நாலு பேருக்கும் அப்ளிகேஷன் எழுதிக் கொடுத்ததே அவர்தான். (சார், நான், மெடிக்கல் ஸ்டோர் டேவிட், மீன் விற்கும் புஷ்பம் அக்கா.) கேட்ட அத்தனை ஷேரும் கிடைத்தது. அன்றைக்கு அது பெரிய சந்தோஷம்.

பேப்பரை விரித்துக் காட்டினார். கீழே பொடி எழுத்தில் ஒரு வரி. விலை மறுபடி ஏறியிருக்கிறது.

"நீ ஒரு நல்ல ரிப்போர்ட் எழுது பிள்ளே. பாக்கி தன்னால வரும்."

சார் சொல்லும் வருங்காலம்:
- ஊருக்கு ஒரு சங்கம், சங்கத்துக்கு ஒரு மெஷின்.
- பால் வாங்கும் ஏஜென்ட் ஒவ்வொருத்தனுக்கும் ஒன்று.
- பிறகு மலேசியா.
- பிறகு பசும்பாலுக்கும் இதே மெஷின். (யார் சொன்னது என்று கேட்டேன். "பறயிறாங்க" என்றார்.)

பரீட்சை ஹாலுக்குள் போகிற மாதிரி இருக்கிறது.

அக். 8, செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம்.

கம்பெனிக்காரன் வந்தான். பெயர் அனில். இருபத்தெட்டு வயது இருக்கும், திருவனந்தபுரத்து மலையாளி, என்னிடம் தமிழும் மலையாளமும் கலந்து பேசுகிறான். டிபன் பாக்ஸ் அளவில் கறுப்புப் பெட்டி, வயர் நுனியில் ஸ்டீல் குச்சி. பாலில் முக்கினான். அரை நிமிஷம். சிவப்பு எழுத்தில் எண். அந்தப் பாலில் நூற்றுக்கு எவ்வளவு ரப்பர் என்பது அது.

வரிசையில் நின்றவர்கள் கேனைக் கீழே வைத்துவிட்டுக் கூடிவிட்டார்கள்.

"எலே, பாலில எவ்வளவு வெள்ளம் ஊத்தினோம்னு இது சொல்லிப் போடுமாக்கும்."

"அப்ப நீ நாளைக்கு இஞ்ச வராத."

ஒரே சிரிப்பு. நானும் சிரித்தேன்.

புஷ்பம் அக்கா கூடையோடு கேட்டில் நின்றாள். பூவாரிலிருந்து தினமும் மீன் வண்டியில் வந்து எங்கள் பக்கத்தில் விற்பவள். "நம்ம சாதனம் இதுதானா மக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள். விளக்கினேன். இப்போது ஒருத்தர் பால் ஊற்றினால், நான் கொஞ்சம் எடுத்து, ஆசிட் விட்டு உறைய வைத்து, தகடாக உருட்டி, ஓவனில் ஒரு ராத்திரி காய வைத்து, மறுநாள் நிறுத்துப் பார்த்தால்தான் ரப்பர் எவ்வளவு என்று தெரியும். அதற்கப்புறம்தான் விலை. இது அரை நிமிஷத்தில் சொல்லிவிடும்.

"அப்ப எல்லாவனும் வாங்குவான்" என்றாள். கண்ணில் என்ன ஒரு வெளிச்சம். போன வருஷம் கம்மலை விற்று ஷேர் எடுத்தவள். மகள் செலினை நர்ஸிங் சேர்க்க வேண்டும். எடுக்கலாமா என்று அன்றைக்கு என்னிடம்தான் கேட்டாள்.

ஆறு கேன் பாலில் குச்சி முக்கி எண் குறித்தேன். அதே பாலில் சாம்பிள் எடுத்து ஓவனில் வைத்தாயிற்று.

அக். 9, புதன்

விடிகாலையே ஓவனைத் திறக்க ஓடினேன். கஞ்சி கூடக் குடிக்கவில்லை.

ஓவன் 33.8, குச்சி 34
ஓவன் 31.1, குச்சி 31
ஓவன் 35.4, குச்சி 35.5

மற்ற மூன்றும் இதே மாதிரி. அந்த ஸ்டூலிலேயே கொஞ்சம் உட்கார்ந்துவிட்டேன்.

பத்து மணிக்கு புஷ்பம் அக்கா. கேட்காமலே சொன்னேன், "நல்ல சாதனமாக்கும், அக்கா."

"சிட்டிச் சீட்டு பிடிச்ச பைசா கையில உண்டு. இன்னும் கொஞ்சம் எடுக்கட்டா?"

"எடுக்கலாம்னுதான் தோணுது."

நெய்மீன் துண்டு ஒன்று சும்மா தந்தாள். வாங்கிக்கொண்டேன்.

அக். 10, வியாழன்

இருட்டிலிருந்தே மழை. என் வீட்டுக்காரர் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகவில்லை. தூரத்துத் தோட்டக்காரர்கள் மட்டும் நேற்று வெட்டின பாலைக் கொண்டுவந்தார்கள், உறையாமலிருக்க அமோனியா விட்டு. எப்போதும் செய்கிறதுதான்.

குச்சியை முக்கினேன். 39.

மழைக்காலப் பாலில் 39 வராது. கழுவித் துடைத்து மறுபடி. 39.5. பேட்டரியாக இருக்கும் என்று மாற்றினேன். 39.

சாம்பிள் ஓவனில். யாரிடமும் சொல்லவில்லை. சாயங்காலம் வில்சன் சார் ரோட்டில் நின்று "எப்படி பிள்ளே?" என்றார். "போகுது சாரே" என்றேன்.



அக். 11, வெள்ளி

ஓவன் 32.2.

ஏழு வித்தியாசம். இப்படி ஒரு மாசம் போனால் சங்கம் தண்ணீருக்கு ரப்பர் விலை கொடுக்கும்.

வீட்டுக்காரர் இன்று வெட்டின புதுப் பாலை இரண்டு மக்கில் பிரித்தேன். ஒன்றைத் தொடவில்லை. மற்றதில் குச்சியை வைத்தபடியே அமோனியா சொட்டுச் சொட்டாக. 33. 34. 36. ஒரே பால். 37. சொட்டை நிறுத்தினேன், எண்ணும் நின்றது. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

எஸ்.டி.டி. பூத்திலிருந்து அனிலுக்குப் போன். எண்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். மீட்டர் ஓடுகிறது.

"எங்களுக்குத் தெரியும் சேச்சி. அடுத்த மாடல்ல சரியாக்கும். இப்ப ஃப்ரெஷ் பால் கணக்கு மட்டும் எழுதினா போதாதா?"

"மழைக்காலத்தில அமோனியா விடாத பாலு எங்க கிடைக்கும்?"

"சேச்சி, அச்சனோட பூமிய அடகு வச்ச பைசாவும் இதிலதான் கிடக்கு."

கோபப்படலாம் என்று போனவள். குரலைக் கேட்டதும் முடியவில்லை. வைத்துவிட்டேன்.

வீட்டுக்காரர்: "உள்ளத எழுது. ஆனா புஷ்பத்துக்கிட்ட நல்லதுன்னு சொன்னது நீதான." சாதாரணமாகத்தான் சொன்னார். மண் அப்பின காலைக் கழுவிக்கொண்டே.

அக். 12, சனி

மேகம். துணி காயவில்லை.

வில்சன் சார் வீடு. எல்லாம் சொன்னேன். சயன்ஸ் வாத்தியார் அல்லவா, நான் முடிப்பதற்கு முன்னே புரிந்துவிட்டது. "அமோனியா சேர்ந்தா குச்சி வழி கரண்ட் கூடுதலா போவும். இத எப்படி விட்டான்" என்று கையால் முட்டியில் அடித்துக்கொண்டார். பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"திங்கக்கிழமை ரிப்போர்ட் கொடுக்காத. நான் முதல் பஸ்ஸுக்குப் போய் நாலு பேருக்கதையும் வித்துப்போட்டு வாறேன். பின்ன நீ என்ன வேணும்னாலும் எழுது."

பிறகுதான் சொன்னார். புஷ்பம் அக்கா நேற்றே சிட்டிப் பணத்தை அவரிடம் கொடுத்துவிட்டாளாம், மேலும் ஷேர் வாங்க.

"அத திருப்பிக் கொடுங்க சாரே."

"என்ன காரணம் சொல்லிக் கொடுப்பேன்? அவ கூடையோட ஊரெல்லாம் கேறி இறங்குறவ. நாளைக்கே எல்லாவனும் அறிவான். இருக்கட்டும், பைய கொடுக்கலாம்."

சாரின் மனைவி டீ வைத்தார்கள். குடிக்காமல் வந்துவிட்டேன். ஞாயிறு பள்ளியில் எனக்கு வசனம் சொல்லிக் கொடுத்த வீடு அது.

அக். 13, ஞாயிறு

ஆராதனை. பிரசங்கம் ஒன்றும் காதில் ஏறவில்லை. முடிந்ததும் நேரே நெய்யாற்றின்கரை, அங்கிருந்து காஞ்சிரங்குளம் வழி பூவார் பஸ். வழியெல்லாம் எப்படித் தொடங்குவது என்று. ஒன்றும் கிடைக்கவில்லை.

ஞாயிறானதால் கடலில் வள்ளம் இல்லை. புஷ்பம் அக்கா வீட்டு முற்றத்தில் கூடை கழுவிக்கொண்டிருந்தாள். செலின் தலை காய வைத்துக்கொண்டு புத்தகம் படித்தாள். "வா மக்கா, அதிசயமா இருக்கே" என்று மரவள்ளிக்கிழங்கு எடுக்கப் போனவளை நிறுத்திச் சொன்னேன். நின்றபடியே சொன்னேன்.

முழுவதும் கேட்டாள். பிறகு செலினை உள்ளே போகச் சொன்னாள்.

"குச்சி கெட்டுப்போச்சுன்னு வந்து சொல்லுத. செரி. எந்த மெஷினும் கெடும். நல்லதுன்னு நீ எப்படிச் சொன்ன?"

"நாலு நாள் முன்ன நல்லாத்தான் இருந்து, அக்கா."

"ஒரு நாள் பாத்தா, ஒரு நாள் பாத்தேன்னு சொல்லணும். நீ அப்படிச் சொல்லல்ல. நீ லேபுல நிக்கவ. நீ சொன்னா எனக்கு அது போதும்னு உனக்குத் தெரியும்."

தெரியும்.

சேலையை மாற்றிக்கொண்டு வந்தாள். இருவரும் ஒரே பஸ், வேறு வேறு சீட்.

வில்சன் சார் எங்களைச் சேர்த்துப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. உள்ளே போய்ப் பணக் கவரைக் கொண்டுவந்து கொடுத்தார். புஷ்பம் அக்கா பிரித்துப் பார்க்கவில்லை.

"சாரு நாளைக்கு வித்தா, வாங்குறது ஆரு?"

"அது மார்க்கெட்டாக்கும் புஷ்பம். ஆருன்னு ஒண்ணும் தெரியாது."

"நான் கெட்ட மீன் வித்தா, ஆரு வீட்டில வயிறு போச்சுன்னு எனக்குத் தெரியும்."

சார் தரையைப் பார்த்தார். அவள் கவரை இடுப்பில் செருகினாள். பிறகு குரல் இறங்கிப்போய், "எனக்கதும் வித்துப்போடுங்க சாரே. எனக்கு மொவ உண்டு" என்றாள்.

என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். நானும் பார்க்கவில்லை.

என்னுடையதை விற்க வேண்டாம் என்றேன். நல்லவள் ஆவதற்காக இல்லை. விற்றுவிட்டு உட்கார்ந்து எழுதினால் எழுத்து வராது.

அக். 14, திங்கள்

மழை விட்டு விட்டு.

செக்ரட்டரியிடம் முதலில் ஷேர் விஷயத்தைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றினார். "இத ஒரு வாரம் முன்ன சொல்லியிருக்கலாம்" என்றார். "சொல்லியிருக்கணும்." பிறகு குச்சி விஷயம். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீயே எழுது. ஷேர் இருக்குன்னு முதல் வரியில எழுது" என்றார்.

எழுதினேன். ஒன்றரைப் பக்கம். புதுப் பாலில் சரி. அமோனியாப் பாலில் தவறு. எவ்வளவு அமோனியாவுக்கு எவ்வளவு தவறு என்று அட்டவணை. மூன்று தடவை திருத்தி, கையெழுத்து.

சாயங்காலம் வில்சன் சார் வந்தார். பையை மேஜைமேல் வைத்தார். நாலு பேர் சர்டிபிகேட்டும் அப்படியே உள்ளே.

"வாங்க ஆளில்ல" என்றார்.

புரோக்கர் ஆபீஸில் சிரித்தார்களாம். ஆறு மாசமாக இந்த ஷேரை வாங்குவது இரண்டே பேராம், ஐம்பது ஐம்பதாக. ஒருத்தர் பாறசாலை மெடிக்கல் ஸ்டோர்.

"மற்றது?"

சார் பையின் பிடியைத் திருகினார். எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. எங்களிடம் சொல்லாமல் அவரும் மாசாமாசம் வாங்கியிருக்கிறார். பேப்பரில் விலை ஏறுகிறது என்று எங்களுக்குக் காட்டினாரே, அந்த ஏற்றம் டேவிடும் அவரும்தான்.

"எனக்கே தெரியாது பிள்ளே. சத்தியமா, வேற ஆரோ பெரிய ஆளு வாங்குறான்னுதான் நெனச்சேன்."

நம்புகிறேன். தண்ணீர் கொடுத்தேன். பெரிய வாத்தியார், டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார்.

அக். 15, செவ்வாய்

புஷ்பம் அக்கா வரவில்லை. பக்கத்து வீட்டில் விசாரித்தேன். வந்தாளாம், கீழ் ரோடு வழியாகப் போனாளாம்.

சங்கத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. "ஜெசி, உனக்க ஷேரு இப்ப எத்தரைக்குப் போவுது?" கேன் கழுவுகிற சத்தத்தில் கேட்காத மாதிரி இருந்தேன்.

ஓவன் நன்றாக வேலை செய்கிறது. முட்டை முடிந்தது. அரிசி ஊறவைக்க மறந்தேன்.

அக். 16, புதன்

வெயில்.

அனில் மெஷினை எடுக்க வந்தான். சண்டைக்கு வருவான் என்று காலையிலிருந்தே பயம். ரிப்போர்ட்டை நின்றபடி படித்தான். அப்புறம் உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தான். ஷேவ் செய்யவில்லை, சட்டையும் நேற்றுப் போட்டது போல.

"இந்த டேபிள் எங்க லேபில ஆரும் செய்யல்ல, சேச்சி" என்றான்.

"நீங்க செய்திருக்கணும்."

"செய்திருக்கணும்."

என் நோட்டைக் கேட்டான், காப்பி எடுக்க. பிறகு, சனிக்கிழமை அவர்கள் கம்பெனி ஷெட்டுக்கு வர முடியுமா என்றான். அமோனியாவுக்குத் திருத்தம் போட முடிகிறதா என்று பார்க்க வேண்டுமாம், கூட நின்று பால் விடத் தெரிந்த ஆள் வேண்டும். சரியாகுமா என்று கேட்டேன். "அறியில்ல" என்றான். இந்த ஒரு வாரத்தில் மெஷினைப் பற்றி யாராவது தெரியாது என்று சொன்னது இதுதான் முதல் தடவை.

அவன் போன கையோடு கேட்டில் கூடை இறக்கும் சத்தம். புஷ்பம் அக்கா. ஒன்றும் கேட்காமல் பாத்திரத்தில் சாளை அள்ளிப் போட்டாள். எப்போதும் போடுகிற அளவுதான், கூடவும் இல்லை குறையவும் இல்லை. காசைக் கையில் வாங்கி எண்ணாமல் மடியில் செருகினாள்.

சனிக்கிழமை போகிற விஷயத்தைச் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கூடையைத் தலைக்கு ஏற்றினாள். நான் ஒரு கை பிடித்தேன், பிடிக்க விட்டாள்.

"போ. போய்ட்டு வந்து எனக்குச் சொல்லு. நல்லதுன்னும் சொல்லாண்டாம், கெட்டதுன்னும் சொல்லாண்டாம். நீ என்ன கண்டியோ, எத்தன தடவ கண்டியோ, அத மட்டும் சொல்லு."

"சொல்றேன் அக்கா."

"செலினும் கேப்பா" என்றாள். போய்விட்டாள்.

பால் வண்டி ஹார்ன் அடிக்கிறது. மீனை இன்னும் கழுவவில்லை.