நல்ல காலுக்கு நூற்றுக்கு நூறு

அன்பு மகள் சின்னுவுக்கு,

அம்மா எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கக் கை வரவில்லை. போனில் பேசினால் உன் அப்பா எதிரில் உட்கார்ந்துகொண்டு, சொல்லாதே சொல்லாதே என்று ஜாடை காட்டுவார். அதனால்தான் கடிதம்.

ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் பழுதுபார்க்கிற மனுஷர், கடைசி இரண்டு படியில் வழுக்கி இடது கால் எலும்பை உடைத்துக்கொண்ட கதை உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் கழற்றி மாட்டுகிற கட்டும், அதற்குள் வைக்க சென்சார் உள்ள ஒரு பட்டையும் கொடுத்தார்கள். அது காலை மெல்ல அதிரவைத்து, எலும்பு எவ்வளவு கூடியிருக்கிறது என்று வயர் இல்லாமலே ஆஸ்பத்திரிக்கும் உன் போனுக்கும் கோடு போட்டுச் சொல்லிவிடும்; கோடு ஏறினால் பச்சை, சரிந்தால் சிவப்பு. நான் அதற்கு ஒற்றன் என்று பேர் வைத்திருக்கிறேன். எந்தக் காலில் கட்டினாலும் அந்த ஒற்றன் வேலை பார்ப்பான் என்பது முந்தாநாள்தான் தெரிந்தது.

போன வாரம் நீ என்ன சொன்னாய்? கோடு ஏறவே மாட்டேங்குதும்மா, இப்படியே இருந்தா கிரேன் பயிற்சியை விட்டுட்டு வந்துடறேன் என்றாய். உன் அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டுதான் இருந்தார். மறுநாளே கோடு கிடுகிடுவென்று ஏறியது. நீ பூங்கொத்துப் படம் அனுப்பினாய். இனி காலை ஊன்றி நடக்கலாம் என்று ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்தது. நேற்றுவரை வலியில் முனகியவருக்கு விடிந்ததும் எலும்பு கூடிவிட்டதாம்! அங்கே ஒருவருக்காவது சந்தேகம் வர வேண்டாமா?

அந்தச் செய்தியை நம்பி, எழுந்து நடங்க என்று நான் வேறு விரட்டினேன். மறுக்க முடியாமல் எழுந்தார். சமையலறைத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றவருக்கு முகம் வெளுத்து வேர்த்துக் கொட்டியது. உட்காரவைத்துக் கட்டைக் கழற்றினால் உள்ளே பட்டையே இல்லை. வலது காலின் பேன்ட்டைத் தூக்கினேன். ஒற்றன் அங்கே சுகமாக உட்கார்ந்திருந்தான்.

அறிவிருக்கா உங்களுக்கு என்று கத்தினேன். அவ கிளம்பி வந்துட்டா பயிற்சியில அந்த இடம் திரும்பக் கிடைக்காதுடி என்றார்.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தால், எல்லாம் நல்லா இருக்கும்மா, பச்சைதான் காட்டுது என்கிறாள் ஒரு பெண். எந்தக் கால் என்று கேட்டேன். பாட்டுப் போட்டுவிட்டுப் போய்விட்டாள். நேரிலேயே அழைத்துப் போனேன். எக்ஸ்ரேயில் எலும்பு நகரவில்லை, நல்லவேளை. கூடவும் இல்லை. பட்டையை ஒழுங்கா கட்டணும்மா என்று எனக்கே புத்தி சொன்னார் டாக்டர். சிவப்பு வந்தாத்தான் மனுஷனைப் பார்ப்பீங்களா, பச்சைன்னா காலைத் தொட்டுப் பார்க்க ஆள் கிடையாதா என்று கேட்டேன். அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

உன்மீதும் கோபம்தான். அந்த ஒரு வாரத்தில், வலி எப்படி இருக்குப்பா என்று ஒரு தடவையாவது கேட்டாயா?

எல்லாவற்றையும்விட எனக்கு ஆறாத கோபம் ஒன்று இருக்கிறது. இந்த மனுஷர் என்னிடம் சொல்லாமல் செய்தாரே! சொல்லியிருந்தால் நானே ஒற்றனை நல்ல காலில் கட்டிவிட்டு, அவரைக் கட்டிலைவிட்டு இறங்கவிடாமல் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இதைப் படம் பிடித்து அனுப்புகிறேன். நீ படித்துவிட்டேன் என்ற பிறகுதான் இடது காலில் கட்டுவேன். கோடு சரியும், சிவப்பாகும். பதறி ஓடி வராதே. அவரை நான் பார்த்துக்கொள்கிறேன். தினம் ஒருமுறை போன் செய்து திட்டு, அது போதும்.

உன் கிரேன் பரீட்சை நாளன்று எங்கள் ஆசீர்வாதம் உன்னோடு இருக்கும். கிரேனில் ஏறுமுன் போனைக் கீழேயே வைத்துவிட்டு ஏறு, கண்ணு.

உன் அம்மா