பச்சை இறங்கவில்லை, அக்கா

என் வசந்தா அக்காவுக்கு,

நீ போன பத்தாம் நாள் ஆபீஸில் உனக்கு இரங்கல் கூட்டம் வைத்தார்கள். வங்காளி மேனேஜர் எழுந்து, அவர்கள் வழக்கப்படி உன் பெயரோடு அக்கா என்பதற்கு 'தி' சேர்த்து, "பசந்தாதி யாரோடும் ஒரு வார்த்தை சண்டை போட்டதில்லை" என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த ஆளோடு ஒரு வருஷம் முழுக்க நீ போட்டதற்கு வேறென்ன பெயர்?

தொழிற்சாலையில் எண்களைப் படமாகக் காட்டும் கம்ப்யூட்டர் டாஷ்போர்டு வந்த புதிது. நீ பாதுகாப்புப் பிரிவில், நான் கம்ப்யூட்டர் பிரிவில். மெஷின் ஷாப், பெயிண்ட் ஷாப், இரும்பு உருக்கும் பவுண்டரி மூன்றிலும் மாதாமாதம் எத்தனை பேருக்கு அடிபட்டது என்று நீ எழுதிக் கொடுப்பாய். மேனேஜர் சொன்னபடி நான் அதை ஏரியா சார்ட்டாகப் போட்டேன். நிறம் நிரப்பின மூன்று பட்டைகள், ஒன்றின் மேல் ஒன்றாக. உச்சியில் பவுண்டரி. அதற்கு இளம்பச்சை போடச் சொன்னவரும் அவர்தான்.

"தேகுன், பாருங்க பசந்தாதி, பச்சை இறங்கிட்டே வருது!" என்று சிரித்தார்.

"மேல் விளிம்பைப் பார்க்காதீங்க சார், பட்டை எவ்வளவு தடிமனா இருக்குன்னு பாருங்க" என்றாய் நீ. "கீழ ரெண்டு ஷாப்புலயும் வேலை குறைஞ்சதால அடிபடறதும் குறைஞ்சிருக்கு. அதோட சேர்ந்து மேல இருக்கறதும் இறங்குது. பவுண்டரி மாசாமாசம் வீங்கிட்டிருக்கு. மொத்தம் எவ்வளவுன்னு காட்ட இந்தப் படம் நல்லதுதான். யாருக்கு என்ன ஆச்சுன்னு காட்ட மூணையும் தனித்தனியாப் போடணும்."

"ஹெட் ஆபீஸுக்கு இது பிடிச்சிருக்கு." அத்தோடு பேச்சை முடித்துவிட்டார்.

அன்று சாயங்காலம், லேக் கார்டன்ஸில் நம் வீட்டில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று கேட்டாய். "நீயாவது மாத்தேன்டி."

"என் வேலை போயிடும்க்கா."

அதற்கப்புறம் நீ என்னிடம் கேட்கவே இல்லை. ஏன் விட்டாய்? கன்னத்தில் ஒன்று வைத்திருக்கலாமே?

மழைக்காலத்தில் பவுண்டரி உலைக்காரர் ரஃபீக்தாவின், நம் ரஃபீக் அண்ணனின், இரண்டு கையும் வெந்தது. அந்த மாதமும் பச்சையின் விளிம்பு இறங்கித்தான் இருந்தது. அவருக்கு ஆஸ்பத்திரியில் நீ சோறு ஊட்டியதை அவர் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். துர்கா பூஜைக்கு முந்தின வாரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீயும் போய்விட்டாய்.

இரங்கல் கூட்டத்துக்கு அடுத்த வாரம் மாதாந்திர மீட்டிங். யாரையும் கேட்காமல் படத்தை மாற்றினேன். பவுண்டரி மட்டும், பூஜ்யத்திலிருந்து, தனியாக. திரையில் அது மலை மாதிரி ஏறி நின்றது. மேனேஜர் எழுந்து, "இது தப்பான படம்" என்று கத்தினார்.

"எண்ணெல்லாம் அதேதான் சார். பசந்தாதி கொடுத்தது" என்றேன்.

ஹெட் ஆபீஸிலிருந்து வந்த அம்மாள் மெதுவாகக் கேட்டார்: "இது எத்தனை மாசமா இப்படி?"

மாதாமாதம் நீ எழுதிக் கொடுத்த தாள்களை அவர் முன்னால் வைத்தேன்.

இப்போது உலையை நிறுத்தித் தடுப்பு போடுகிறார்கள், அக்கா. ரஃபீக்தாவின் விரல்கள் மடங்குவதில்லை. அதற்கு எந்தத் தடுப்பு?

அனுமதியில்லாமல் படத்தை மாற்றியதற்கு எனக்கு மெமோ வந்திருக்கிறது. திங்கட்கிழமை விசாரணை. மன்னிப்பு எழுதிக்கொடுத்தால் விட்டுவிடுவார்களாம். எழுதத்தான் போகிறேன், மாற்றியதற்கு அல்ல. தெரிந்தே ஒரு வருஷம் அந்தப் பழைய படத்தைப் போட்டது நான்தான் என்று எழுதி, மேனேஜரிடம் அல்ல, ரஃபீக்தாவிடம் மன்னிப்புக் கேட்டு விசாரணையில் கொடுப்பேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

நீ கேட்டபோது மாட்டேன் என்ற உன் தங்கை,
கோமதி